லாக் புக்கும் படச்சுருளும்: போர்க்கால விமானியின் டிரங்குப் பெட்டிக்குள்

பெட்டியைத் திறந்ததும் எதையும் தொடாமல் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். காடி வாடை தூக்கினால், உள்ளே இருக்கும், அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன படச்சுருள் கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அமில நெடி மூக்கை அரித்து, தகர டப்பாவின் ஓரத்தில் பழுப்புத் தூளும் உதிர்ந்து கிடந்தால் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருள். அப்படியானால் பெட்டியை வீட்டுக்கு வெளியே, வெயில் படாத நிழலில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. இரண்டாம் உலகப் போரில் பறந்துகொண்டே படம் பிடித்தவர்கள் விட்டுச்சென்ற பெட்டிகளில் இந்த இரண்டு வாடைகளும் வரக்கூடும்.

பிரிட்டிஷ் வான்படை 1941-இல் தனக்கென ஒரு படப்பிரிவைத் தொடங்கியது. லண்டனுக்கு அருகே பைன்வுட் ஸ்டுடியோதான் அதன் இருப்பிடம். அமெரிக்க ராணுவ வான்படையும் 1942-இல் அப்படியொரு பிரிவை அமைத்து, கல்வர் சிட்டியில் ஹால் ரோச்சின் ஸ்டுடியோவை எடுத்துக்கொண்டு, போர்முனைக்குப் போகும் கேமராக்காரர்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தது. இந்தப் பிரிவுகளில் இருந்தவர்களின் பெட்டியில் இரண்டு வகைப் பொருள்கள் கலந்து கிடக்கும். லாக் புக் (ஒவ்வொரு பறத்தலையும் எழுதிவைக்கும் பதிவேடு), தோல் தொப்பி, ஆட்டுத்தோல் ஜாக்கெட், பட்டு வரைபடம் எல்லாம் பறத்தலைச் சேர்ந்தவை. படச்சுருள், ஷாட் குறிப்புத் தாள், லென்ஸ் மூடி, ஃபில்டர் எல்லாம் படப்பிடிப்பைச் சேர்ந்தவை. வாரிசுகள் பெரும்பாலும் இவற்றைப் பங்கு பிரித்துவிடுகிறார்கள். பதக்கம் ஒருவருக்கு, லாக் புக் இன்னொருவருக்கு, ஜாக்கெட் ஏலத்துக்கு, சுருள் குப்பைக்கு. இதைப்போல ஈடுசெய்ய முடியாத இழப்பு வேறில்லை. சுருளில் இருக்கும் புகையும் நெருப்பும் எந்த ஊர், எந்த நாள் என்று லாக் புக்தான் சொல்லும். லாக் புக்கில் ஒற்றை வரியாகக் கிடக்கும் பயணம் எப்படி இருந்தது என்று சுருள்தான் காட்டும்.

முதலில் சுருளைக் கவனிப்போம். பெட்டியில் இருப்பவற்றிலேயே மிக வேகமாக அழிந்துகொண்டிருப்பது அதுதான்.

அகலத்தை அளந்து பாருங்கள். 16 மி.மீ. என்றால் அநேகமாக அசிடேட். அந்த அளவு ஃபிலிமை கோடாக் 1923-இல் அறிமுகப்படுத்தியபோதே எளிதில் தீப்பற்றாத அடித்தளத்தில்தான் செய்தது. 35 மி.மீ. என்றால் நைட்ரேட் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். 1950-களின் தொடக்கம் வரை தொழில்முறை 35 மி.மீ. ஃபிலிம் பெரும்பாலும் நைட்ரேட்தான். ஓரத்தில் ‘நைட்ரேட்’ அல்லது ‘சேஃப்டி’ (எளிதில் தீப்பற்றாதது) என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கலாம். ஆனால் சேஃப்டி என்று இருப்பதாலேயே நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பிரதி எடுக்கும்போது மூலச் சுருளின் ஓர எழுத்தும் சேர்ந்து பதிவாகிவிடுவது உண்டு. கோடாக் ஃபிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சிறு குறிகள் தெரியும். அவை ஃபிலிம் தயாரான ஆண்டைக் குறிப்பவை. அந்தக் குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஆக, 1943-க்கும் 1963-க்கும் ஒரே குறி. போரில் எடுத்த மூலமா, பிற்காலத்தில் எடுத்த பிரதியா என்பதைக் குறியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரு துண்டைக் கொளுத்திப் பார்க்கும் பழைய சோதனையைத் தயவுசெய்து யாரும் வீட்டில் செய்யாதீர்கள்.

நைட்ரேட் படிப்படியாகக் கெடும். முதலில் படம் மங்கி, பழுப்பு ஏறும். பிறகு மேற்பூச்சு பிசுபிசுக்கும். அடுத்து கொப்புளமும் நுரையும் கிளம்பும். பின் சுருள் முழுவதும் ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். கடைசியில் மிஞ்சுவது பழுப்புத் தூள். முதல் இரண்டு நிலைகளில் இருப்பதைப் பிரதி எடுத்துவிடலாம், மூன்றாவதில் சில பகுதிகளாவது தேறும். நன்றாகக் கெட்டுப்போன நைட்ரேட் சுமார் 41 டிகிரி செல்சியஸிலேயே தானாகப் பற்றிக்கொள்ளக்கூடியது. சென்னையிலோ வேலூரிலோ மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பரண் இந்தச் சூட்டை எளிதாகத் தாண்டிவிடும். பற்றினால் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே கொடுத்துக்கொள்ளும், தண்ணீருக்குள்ளும் எரியும். ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துவிடலாம் என்று நினைத்துப் பக்கத்தில் போகவே கூடாது. விலகி ஓடி, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதுதான் வழி. இதைச் சாதாரணத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பவும் முடியாது. தீப்பற்றும் பொருளுக்கான விதிகளின்படிதான் போக வேண்டும். நைட்ரேட் என்று உறுதியானால் ஒரு திரைப்பட ஆவணக் காப்பகத்தோடு பேசுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல அது.

அசிடேட்டைக் கெடுப்பது அதனுள்ளேயே உருவாகும் அசிட்டிக் அமிலம். அமிலம் கூடக்கூட, கெடும் வேகமும் கூடும். அதை அளக்கத் தனியாகச் சோதனைத் தாள் விற்கிறார்கள். நீலமாக இருக்கும் தாளை டப்பாவுக்குள் சுருளோடு வைத்து மூடிவிட வேண்டும். ஒரு நாள் கழித்துப் பார்த்தால், நீலமாகவே இருந்தால் சுருள் நலம். பச்சைக்குத் திரும்பியிருந்தால் உடனே பிரதி எடுக்க வேண்டும். மஞ்சளாகியிருந்தால் நாள்கள் எண்ணப்படுகின்றன. அந்தச் சுருளை மற்ற சுருள்களிடமிருந்து பிரித்து வையுங்கள். அமில ஆவி பக்கத்தில் உள்ளதையும் தாக்கும்.

அடுத்தது சுருக்கம், அதாவது ஃபிலிம் நீளத்தில் குறுகிப்போவது. புதிய 16 மி.மீ. ஃபிலிமின் ஓரத்தில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி 7.62 மி.மீ. 100 இடைவெளிகளை எண்ணி, தட்டையான மேசையில் இழுக்காமல் பரப்பி அளந்தால் 762 மி.மீ. வர வேண்டும். 754 வந்தால் ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்கியிருக்கிறது. அந்த நிலையில் புரொஜெக்டரில் மாட்டினால் பற்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். உண்மையைச் சொன்னால், எந்த நிலையில் இருந்தாலும் மூலச் சுருளை புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். பற்சக்கரம் இல்லாமல் உருளைகளில் ஃபிலிமை நகர்த்தும் ஸ்கேனர் வைத்திருப்பவர்களிடம் கொடுங்கள். முன்பே சுருக்க அளவைச் சொல்லிவிட்டால் அதற்கேற்ப அவர்கள் கருவியைச் சரிசெய்துகொள்வார்கள்.

துருப்பிடித்த டப்பாவைத் தூக்கியெறியும் முன் மூடி, அடி, பக்கவாட்டு, உள்ளே ஒட்டிய காகிதம் எல்லாவற்றையும் புகைப்படம் எடுங்கள். சுருளின் தொடக்கத்தில் படம் இல்லாத முன்துண்டு இருக்கும். அதில் மையால் எழுதிய எண்ணோ பெயரோ இருக்கலாம். வெற்று ஃபிலிம்தானே என்று அதை நறுக்குபவர்கள் நிறையப் பேர். நறுக்கினால் சுருளின் அடையாளமே போயிற்று.

அசிடேட் சுருளைச் சேமிக்கக் குளிர்தான் மருந்து. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி போதும். டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, ஈரப்பதம் காட்டும் அட்டையோடு இன்னொரு பைக்குள் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த ஃபிலிமின்மேல் பனியாகப் படிந்துவிடும்.

சுருளில் இருக்கும் குறைகளைக்கூடப் படிக்கத் தெரிய வேண்டும். போரில் எடுத்த படம் ஏன் துண்டு துண்டாக இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பெல் அண்ட் ஹவல் நிறுவனத்தின் ஐமோ, அந்தக் கால 35 மி.மீ. கைக்கேமராக்களில் புகழ்பெற்றது. அதில் 100 அடிச் சுருள் போடலாம். 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 கட்டங்கள் (ஃபிரேம்கள்), நொடிக்கு 24 கட்டம் ஓடினால் 100 அடி 67 நொடியில் தீர்ந்துவிடும். அதுவும் பழைய கடிகாரம் போலச் சாவி கொடுத்து ஓடும் கேமரா. ஒரு சாவிக்கு முழுச் சுருளும் ஓடாது, நடுவில் நிறுத்தி மறுபடி முறுக்க வேண்டும். 16 மி.மீ. என்றால் அடிக்கு 40 கட்டங்கள், 100 அடிக்கு 2 நிமிடம் 47 நொடி கிடைக்கும். சுருள் தீர்ந்தால், 25,000 அடி உயரத்தில், வெளியே சுழியத்துக்குக் கீழே 30, 40 டிகிரி குளிரில், கனத்த கையுறையோடு புதுச் சுருள் மாட்ட வேண்டும். கையுறையைக் கழற்றினால் வெற்று உலோகத்தில் விரல் ஒட்டிக்கொள்ளும், பனிப்புண் வரும். கேமராவின் மசகெண்ணெய் அந்தக் குளிரில் கெட்டியாகி, வேகம் குறைந்து, கடைசியில் நின்றுவிடும். காய்ந்து நொறுங்கும் ஃபிலிம் வேகமாக உரசும்போது மின்னேற்றம் உண்டாகி, இலையுதிர்ந்த மரக்கிளை போன்ற வெள்ளைக் கீற்றுகள் படத்தில் பதியும். பீரங்கிக் குண்டு வெடிப்பு என்று சிலர் அவற்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். படம் முழுக்க மெல்லிய நடுக்கம் இருந்தால் கேமராவை விமானத்தின் உடற்பகுதியில் சாய்த்துவைத்து எடுத்திருக்கலாம். அனுபவப்பட்டவர்கள் முழங்கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, இன்ஜின் அதிர்வைத் தங்கள் உடலில் வாங்கிக்கொள்வார்கள்.

இப்படிப் பறந்து படமெடுத்ததற்குக் கொடுத்த விலை பெரிது. ‘காந்தி’ படத்தை இயக்கியவராக நமக்குத் தெரிந்த ரிச்சர்ட் அட்டன்பரோ, இந்த பைன்வுட் பிரிவில் இருந்து குண்டுவீச்சு விமானங்களின் பின்பகுதியில் உட்கார்ந்து படம் எடுத்தவர். அவர் செவி நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் வைலருக்கு 1945-இல் இத்தாலியில் பி-25 விமானத்திலிருந்து படம் எடுக்கும்போது கேட்கும் திறன் போயிற்று. பி-17 விமானங்களைப் பற்றி இங்கிலாந்தில் அவர் எடுத்த ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான ஹெரால்ட் டானன்பாம் 1943 ஏப்ரலில் விமானத்தோடு வீழ்ந்தார். கோடாக்கின் வண்ண ஃபிலிமான கோடாக்ரோமில், 16 மி.மீ. அளவில் எடுத்த படம் அது. இருட்டில் வைத்திருந்தால் கோடாக்ரோமின் நிறம் பல பத்தாண்டுகளுக்கு நிற்கும். பெட்டியில் வண்ணச் சுருள் கிடைத்தால் நல்ல நம்பிக்கையோடு திறக்கலாம். ஆனால் கழுவாத கோடாக்ரோம் கிடைத்தால் வண்ணம் இனி வராது. அதைக் கழுவும் கடைசி ஆய்வகம் 2010 டிசம்பர் 30-உடன் புதிய சுருள்களை வாங்குவதை நிறுத்திவிட்டது. கறுப்பு வெள்ளையாக மட்டும் சில இடங்களில் கழுவித் தருவார்கள்.

நீளமான சுருள் இல்லாமல் சில அடிகள் மட்டும் சுருட்டி வைத்திருந்தால் அது துப்பாக்கிக் கேமராத் துண்டாக இருக்கக்கூடும். பிரிட்டிஷ் சண்டை விமானங்களில் ஜி-45 என்ற 16 மி.மீ. கேமரா பொருத்தியிருப்பார்கள். துப்பாக்கி விசையை அழுத்தினால் அதுவும் ஓடும். எதிரி விமானத்தைச் சுட்டதாக விமானி சொல்வதைச் சரிபார்க்கத்தான் இந்த ஏற்பாடு. நல்ல காட்சி கிடைத்தால் சில அடிகளை வெட்டி நினைவாக வைத்துக்கொள்வார்கள். தனியாகப் பார்த்தால் யார் சுட்டது, எங்கே என்று எதுவும் தெரியாது.

இனி லாக் புக். பிரிட்டிஷ் விமானிகளுடையது ஃபார்ம் 414. பார்வையாளர் (விமானத்தில் வழி கணிப்பவர்), துப்பாக்கியாளர் ஆகியோருடையது ஃபார்ம் 1767. தேதி, புறப்பட்ட நேரம், விமான வகை, விமான எண், ஓட்டியவர், செய்த பணி, குறிப்புகள், பகல் நேரம், இரவு நேரம் என்று பத்திகள். மாதக் கடைசியில் கூட்டுத்தொகை போட்டு, மேலதிகாரி கையெழுத்திடுவார். குண்டுவீச்சுப் படையில் இரவுத் தாக்குதலைச் சிவப்பு மையிலும் பகல் தாக்குதலைப் பச்சையிலும் எழுதும் வழக்கம் இருந்தது. பக்கத்தைத் திறந்த கணமே போர்ப் பயணம் எது, பயிற்சி எது என்று தெரிந்துவிடும். ‘கார்டனிங்’ என்றிருந்தால் தோட்ட வேலை இல்லை, கடலில் கண்ணிவெடி போட்டது. ‘நிக்கல்’ என்றால் துண்டுப்பிரசுரம் வீசியது. டி.சி.ஓ. என்றால் பணி முடிந்தது, டி.என்.சி.ஓ. என்றால் முடியவில்லை. 30 பயணம் முடித்தால் ஒரு சுற்று முடிந்ததாகக் கணக்கு. பெரும்பாலோருக்கு அது நடக்கவில்லை. இடையில் கையெழுத்து மாறி, இன்னொருவர் சுருக்கமாக எழுதி முடித்திருக்கும் பக்கம் வந்தால் அங்கே கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள்.

அந்தச் சிவப்பு, பச்சை மைகள்தான் முதலில் போகும். சாயம் கலந்த பேனா மை தண்ணீர் பட்டால் பரவும், வெளிச்சம் பட்டால் வெளிறும். ஈரத் துணி, அழிப்பான், லேமினேஷன் மூன்றும் கூடாது. செல்லோடேப்பில் ஒட்டிய புகைப்படத்தைப் பிய்க்காதீர்கள். ஒட்டிய நிலையிலேயே பக்கத்தோடு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். காலிப் பக்கங்கள், அட்டையின் உட்புறம், செருகிவைத்த சீட்டு எதையும் விட வேண்டாம்.

ஜாக்கெட்டுக்கு வருவோம். இர்வின் ஆட்டுத்தோல் ஜாக்கெட்டைப் பார்த்ததும் எல்லாருக்கும் எண்ணெய் பூசத் தோன்றுகிறது. பூசாதீர்கள். பழைய தோலில் எண்ணெய் ஊறினால் கறுக்கும், பூஞ்சைக்கு உணவாகும், தையல் நூல் சீக்கிரம் இற்றுப்போகும். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக், செல்லுலாய்டு பாகங்களை இளக்கும், பெட்டியில் அருகிலேயே விமானி அணிந்த கண்காப்புக் கண்ணாடியும் ஃபிலிமும் இருக்கும். பூச்சி இருந்தால் காற்றை வெளியேற்றிய பையில் மூடி, உறைபெட்டியில் சுழியத்துக்குக் கீழே 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, ஒரு நாள் கழித்துப் பையைப் பிரியுங்கள். கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால் ஜாக்கெட்டின் எடையே தோள் தையலைப் பிரிக்கும். படுக்கவைத்து, கைகளுக்குள் அமிலமற்ற காகிதத்தைச் சுருட்டி அடையுங்கள். 1943 மாதிரி பூட்ஸ் கிடைத்தால் மேல்பகுதியின் உட்புறத்தில் சிறு கத்திக்கான பை இருக்கிறதா பாருங்கள். எதிரி மண்ணில் இறங்கினால் மேல்தோலை வெட்டியெடுத்துவிட்டுச் சாதாரணக் காலணியாகப் போட்டுக்கொண்டு நடக்க அந்த ஏற்பாடு.

தப்பிக்க உதவிய பொருள்களில் பட்டு வரைபடம் பலருக்கும் பிரியமானது. எதிரி மண்ணில் சிக்கியவர்கள் தப்பிக்க உதவிய, பிரிட்டனின் எம்.ஐ.9 பிரிவு இவற்றை அச்சிட்டது. பட்டில் மை பரவாமலிருக்க மையோடு, ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டினைக் கலந்தார்கள். பிறகு ரேயானிலும் அச்சாயின. ரேயான் நனைந்தால் வலு இழக்கும், ஆகவே துவைக்கும் எண்ணமே வேண்டாம். இஸ்திரியும் கூடாது. மடிப்பில்தான் பட்டு இற்று விழும். அமிலமற்ற காகிதம் சுற்றிய குழாயில் சுருட்டிவையுங்கள். பித்தளைப் பொத்தான் திறக்காவிட்டால் இடுக்கி போடாதீர்கள். உள்ளே திசைகாட்டி ஒளித்த பொத்தான்கள் சிலவற்றில் மரை தலைகீழாக, வலப்பக்கம் திருகினால் கழலும்படி வெட்டியிருக்கும்.

சிறு தங்கப் புழு வடிவப் பின் இருந்தால், பாராசூட்டில் உயிர் பிழைத்தவர்களுக்கு இர்வின் நிறுவனம் கொடுத்த கேட்டர்பில்லர் சங்கச் சின்னம். பின்புறம் பெயர் பொறித்திருக்கும். கறுப்புத் துணியில் சிறகு முளைத்த மீன் தைத்திருந்தால் கோல்ட்ஃபிஷ் சங்கம், கடலில் விழுந்து ரப்பர் படகால் பிழைத்தவர் என்று பொருள். இவை இரண்டும் லாக் புக்கில் ஒரு குறிப்பிட்ட தேதியைச் சுட்டிக்காட்டுகின்றன. பிரிட்டன் வழங்கிய நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் இருக்காது. பெட்டியிலிருந்து பிரித்துவிட்டால் யாருடையது என்று பதக்கமே சொல்லாது.

ஆபத்தான பொருள் இன்னொன்று உண்டு. விமானக் கடிகாரம், திசைகாட்டி, மானிகளின் முள்ளில் ரேடியம் பூசியிருப்பார்கள். இப்போது இருட்டில் ஒளிராததால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. களைத்துப்போனது ஒளிரும் துத்தநாக சல்ஃபைடுதான். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், உதிர்ந்த பூச்சை ஊதித் தள்ளாதீர்கள். பையில் மூடி, படுக்கையறையிலிருந்து விலக்கி வையுங்கள். வெடிக்காத தோட்டாவோ சமிக்ஞைக் குண்டோ இருந்தால் தொடாமல் காவல்துறையை அழையுங்கள்.

வெளியே வாங்கிச் சேர்ப்பவர்கள் போலிகளைப் பற்றி யோசிக்க வேண்டும். வரைபடம், துணிச் சின்னம், ஜாக்கெட் எல்லாமே நகல் செய்யப்படுகின்றன. புற ஊதா விளக்கில் பார்த்தால், போருக்குப் பின் பரவலான வெளுப்பு வேதிப்பொருள் கலந்த நூலும் காகிதமும் நீல வெள்ளையாகப் பளிச்சிடும். பழையவை மங்கலாகவே இருக்கும். சோப்புத்தூளில் துவைத்த பழைய துணியும் பளிச்சிடும் என்பதால் தையல் மடிப்பின் உட்புறத்தையும் பாருங்கள்.

எல்லாம் பத்திரமான பிறகு சுருளையும் லாக் புக்கையும் எதிரெதிரே வையுங்கள். ஸ்கேன் செய்த படத்தின் முதல் சில கட்டங்களில் பெரும்பாலும் ஒரு பலகை தெரியும்: சுருள் எண், தேதி, கேமராக்காரர் பெயர். ஷாட் குறிப்புத் தாள் இருந்தால் அதே எண் அதிலும் இருக்கும். அந்தத் தேதியை லாக் புக்கில் தேடி, விமான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ வரிசையில் அவர் பறந்த ஸ்குவாட்ரனின் (விமானப் படையணி) பதிவேட்டைப் பாருங்கள். ஃபார்ம் 540-இல் அன்றன்றைய நிகழ்வுகளின் சுருக்கம் இருக்கும். 541-இல் விமான எண், அதில் சென்றவர்கள் பெயர், புறப்பட்ட, இறங்கிய நேரம் இருக்கும்.

இந்த முறை எவ்வளவு துல்லியமாக வேலை செய்யும் என்பதற்கு எடுத்துக்காட்டு 1944 பிப்ரவரி 18. பிரான்சில் அமியான் சிறைச் சுவரை மொஸ்கிட்டோ விமானங்கள் தகர்த்தபோது, டி.இசட்.414 என்ற எண்ணுள்ள படப்பிரிவு மொஸ்கிட்டோ பின்னால் வந்து படமெடுத்தது. பனி மூடிய வயலும் சுவரில் விழுந்த பிளவும் அதில் தெரிகின்றன. 1944 நவம்பர் 12-இல் நார்வேயில் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பல் கவிழ்ந்ததை, வாடிங்டனிலிருந்து பறந்த 463-ஆம் ஆஸ்திரேலிய ஸ்குவாட்ரனின் லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் இருந்து எடுத்தார்கள். அந்த ஸ்குவாட்ரனின் சில லான்காஸ்டர்களைக் கேமராவுக்காகவே மாற்றியமைத்திருந்தார்கள். ஆகவே உங்கள் கையில் உள்ள ஃபார்ம் 1767-இல் ஏழு பேர் கொண்ட லான்காஸ்டர் குழுவுக்கு வெளியே ஒருவர் அடிக்கடி வெவ்வேறு விமானிகளோடு பறந்திருந்தால், அவர் பணிப் பத்தியை உற்றுப் பாருங்கள். வழக்கமான துப்பாக்கியாளர் ஒரே குழுவோடுதான் திரும்பத் திரும்பப் பறப்பார். கேமராவோடு வந்தவர் அன்றைக்கு எந்த விமானத்தில் இடம் கிடைத்ததோ அதில் ஏறினார்.

கண்டுபிடித்ததை ஒரு தாளில் எழுதுங்கள்: சுருள் எண், அகலம், நீளம், சுருக்க சதவீதம், பலகையில் உள்ள தேதி, லாக் புக் பக்க எண், விமான எண், 541-இன் மாதம். பென்சிலால் எழுதுங்கள், மை வேண்டாம். ஒரு படி சுருளோடு, ஒரு படி லாக் புக்கோடு, ஒரு படி ஜாக்கெட்டின் பெட்டியில் இருக்கட்டும். நாளைக்கு அவை வெவ்வேறு வீடுகளுக்குப் போனாலும் ஒன்றைக் கையில் எடுப்பவருக்கு மற்றவை எங்கே இருக்கின்றன என்று தெரியும்.